தலைகீழ்ச் சுடர்

செருப்பு ஸ்டாண்டை நான்காவது தடவையாக இடம் மாற்றிக்கொண்டிருந்தார் அண்ணன். முதலில் வாசல் ஓரம், பிறகு மாடிப்படிக்குக் கீழே, பிறகு மறுபடி வாசல். இப்போது அதை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றபோது, எங்கே கொண்டுபோகிறோம் என்பது மறந்துபோயிருந்தது.

"அதைக் கீழ வைங்க," என்றாள் அவர் மனைவி. "வந்து ஒரு நிமிஷம் உட்காருங்களேன்."

"வர்றவங்க கால்ல தட்டும்."

"யார் கால்லயும் தட்டல. நீங்கதான் எல்லார் கால்லயும் இடிச்சுக்கிட்டு அலையறீங்க."

கூடத்துக் கட்டிலில் தம்பி கிடந்தான். கழுத்து வரைக்கும் போர்வை. நாற்பத்திரண்டு வயதுக்கு மீசையில் ஒரு நரைகூட இல்லை. அண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்டாண்டை வைத்துவிட்டு, நாற்காலிகளை எண்ணப் போனார். அவற்றை ஏற்கெனவே இரண்டு தரம் எண்ணியாகிவிட்டது.

தெருவே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். பால்காரர் முதல் பக்கத்து வீட்டு வக்கீல் வரை எல்லாருக்கும் அவர் அண்ணன். ஆனால் அந்த வார்த்தையை உரிமையோடு சொல்வதற்கு உலகத்தில் இருந்தவன் ஒருவன்தான். அவன் அன்று காலை ஐந்தே முக்காலுக்கு மாடி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டவன், மூடவில்லை. தண்ணீர் சத்தம் நிற்காமல் கேட்டதும் அண்ணனுக்குச் சுருக்கென்றது. மூன்று மூன்று படியாக ஏறினார். கதவை ஒரே உதையில் பெயர்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தீயணைப்பு நிலையத்தில் உதைத்த கால் அது. ஈரத் தரையில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். முப்பது அழுத்தல், இரண்டு மூச்சு. முப்பது அழுத்தல், இரண்டு மூச்சு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ரப்பர் பொம்மையை வைத்து அவர் சொல்லிக்கொடுக்கிற கணக்குதான். ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் அவர் தோளைத் தொட்டு, "போதும் சார், விட்டுருங்க," என்றபோது கூட அவர் இருபத்தி நான்கில் இருந்தார். முப்பதை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்தக் கணக்கு இன்னும் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. நாற்காலியைத் தொட்டாலும் கை எண்ணியது, கதவுப் பிடியைத் தொட்டாலும் எண்ணியது.

ஏற்பாடுகளை மாமா எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சாவு வீட்டையும் ஆண்டு விழா மாதிரி நடத்தத் தெரிந்தவர். கையில் ஒரு தாள், காதில் ஒரு பேனா.

"நாலு மணிக்கு வண்டி. மூணு மணிக்கு உன் ஸ்டேஷன்காரங்க. அதுக்குள்ள குளிப்பாட்டி, நல்ல சட்டையாப் போட்டுடணும்," என்றார் மாமா. "வெள்ளையா ஒண்ணு எடுத்துட்டு வா."

அண்ணனுக்கு ஒரு வேலை கிடைத்தது. விறுவிறுவென்று மாடி ஏறினார்.

தம்பியின் அறைக்குள் போய் எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. ஒரே வீடுதான், பதினாறு படிதான். ஆனால் மேலே போனால் கோபம் வரும் என்பதால் அவர் போவதில்லை. அறை முழுக்க அதே சங்கதிதான். சுவரில் தக்கைப் பலகை, அதில் வரிசை வரிசையாகத் துணி பேட்ஜ்கள். மேஜையில் கலர் நூல்கண்டுகள், அரைவட்ட ஸ்கேல், வெள்ளித் தாள், நுனி மழுங்காத பென்சில்கள். அலமாரிக் கதவில் நீலமும் சாம்பலுமான ஒரு சீருடை தொங்கியது.

தம்பி பகலில் சாலைப் பலகை செய்யும் பட்டறையில் வரைகிறவன். இந்தப் பக்கம் வளைவு, அந்தப் பக்கம் திரும்பாதே, முன்னால் பள்ளம். அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் ஒரு நாளும் தப்பு செய்யாதவன் என்று பட்டறை முதலாளி காலையில் வந்து அழுதுவிட்டுப் போனார். சாயங்காலம் ஆனால் அவன் வேறு உத்தியோகத்துக்குப் போய்விடுவான். எப்போதோ டிவியில் வந்து பாதியில் நின்றுபோன ஒரு விண்வெளித் தொடர். கப்பல் வழி தப்பியதோடு கதை முடிந்தது. பார்த்தவர்களில் கொஞ்சம் பேருக்கு மனசு ஆறவில்லை. அவர்களே மீதிக் கதையை எழுதினார்கள், சீருடை தைத்தார்கள், வருஷத்துக்கு இரண்டு தரம் ஒரு ஹாலைப் பிடித்துக் கூடினார்கள். தொடரில் காட்டியது மூன்றே பதவிகளின் பேட்ஜ். மற்ற பதினைந்தையும் உண்டாக்கியது தம்பி.

கல்யாண வீடுகளில் "தம்பி என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் "போர்டு வரையறான்," என்பதோடு அண்ணன் நிறுத்திக்கொள்வார். அவர் தோளில் ஒரு நட்சத்திரம் ஏறுவதற்குள் எத்தனை வருஷம், எத்தனை புகை, முழங்கையில் எத்தனை வடு. இவனோ மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் ஒரு தளபதியை உண்டாக்கிவிடுவான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. விளையாட்டு என்றே சொல்லிவந்தார், ஆனால் அவருக்கு உள்ளே எரிந்தது.

வெள்ளைச் சட்டை ஒன்றை உருவிக்கொண்டு இறங்கியபோது, வாசலில் மூன்று பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் குட்டையாக, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பின்னால் ஒரு தபால்காரர், வேலையிலிருந்து நேரே வந்த காக்கியில். அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கடைக்காரர், விரலில் பிளாஸ்திரி.

"பட்டறையிலேர்ந்தா?" என்றார் அண்ணன்.

"இல்லைங்க. நான் பல் செட் பண்ற லேப்ல இருக்கேன்," என்றாள் அந்த அம்மாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, "அவரோட கப்பல்ல இருக்கோம். என்னை கேப்டன்னு கூப்பிடுவாங்க," என்றாள். சொல்லிவிட்டுக் கூச்சப்பட்டாள்.

மாமா தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

கேப்டன் கட்டிலருகே போய்ச் சும்மா நின்றாள். அழவில்லை. திரும்பி வந்து, கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"குரூப்ல சேரும்போது ஒரு ஃபாரம் குடுப்போம். விளையாட்டாப் போட்டதுதான். கடைசிக் கேள்வி, கப்பலை விட்டு இறங்கறப்ப என்ன உடைன்னு. பாதிப் பேர் பனியன்னு எழுதியிருக்காங்க. இவர் எழுதினதைப் பாருங்க."

அண்ணன் வாங்கிப் பார்த்தார். பலகைகளில் எழுதுகிற அதே நிமிர்ந்த எழுத்து. *சீருடை. அண்ணன் சரி என்று சொன்னால்.*

"இது என்ன நாடகமா?" என்றார் மாமா. "நாலு பேர் வந்து பார்க்கிற இடம். வேஷம் கட்டியா அனுப்பறது?"

அண்ணன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கேப்டனைப் பார்த்து, "மூணு மணிக்கு எங்க ஸ்டேஷன் ஆளுங்க வராங்க," என்றார். "யூனிஃபார்ம்ல வருவாங்க."

"தெரியும்ங்க."

"யூனிஃபார்ம்னா உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர் தபால்காரரின் காக்கியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "முடியாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லைங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான்னு அவரே எழுதியிருக்கார்." அவள் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "சரின்னு சொல்லியிருந்தாலும் அதுல ஒரு குறை இருக்கும். அவர் காலர்ல பேட்ஜ் கிடையாது. பதினோரு வருஷமா வெறும் காலரோடதான் வருவார்."

"அவன்தானே எல்லாத்தையும் வரைஞ்சான்?"

"ஆமா. முதல் பேட்ஜை மட்டும் வீட்டு ஆள் ஒருத்தர் கையால தைக்கணும்னு விதி. அவரே எழுதின விதி. எனக்கு என் மாமியார் தைச்சுக் கொடுத்தாங்க, திட்டிக்கிட்டே. இவருக்கு இவரோட பொண்ணு." தபால்காரர் தலையை ஆட்டினார். "உங்க தம்பி யார்கிட்டயும் கேட்கலையோ என்னவோ. நாங்க அடக்கம்னு நெனைச்சோம்."

"என்கிட்ட கொடுங்கன்னு நான் ஒரு தடவை கேட்டேன்," என்றாள் அண்ணனின் மனைவி, உள்ளறை வாசலில் நின்றபடி. "அண்ணி, கோவிச்சுக்காதீங்க, இது அண்ணன் தைக்க வேண்டியதுன்னாரு."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையை நாற்காலியில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி சமையலறைப் பக்கம் போய், அங்கிருந்து கொல்லைக்குப் போய், வீட்டைச் சுற்றி வந்து, யாரையும் பார்க்காமல் மறுபடி மாடி ஏறினார்.

அவனும் ஒரு நாள் வந்து கேட்கத்தான் செய்தான். இரண்டு மாதம் இருக்கும். அண்ணன் மறுநாள் இன்ஸ்பெக்ஷனுக்காகச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தம்பி கையில் தன் கப்பல் சீருடையும் நூல் கோத்த ஊசியுமாகப் படியிறங்கி வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷ வேலை," என்றான். "உன் விளையாட்டையெல்லாம் மாடியோட வெச்சுக்கடா," என்றார் இவர், தலையைத் தூக்காமல். அவன் சரி என்று போய்விட்டான். அன்றைக்குக் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

மேஜையில் கம்பிச் சுருள் போட்ட ஒரு புத்தகம் இருந்தது. அட்டையில் 'பதவிகளும் சின்னங்களும், ஏழாம் திருத்தம்' என்று இருந்தது. ஏழு தரம் திருத்தியிருக்கிறான். அண்ணன் நின்றபடியே புரட்டினார். கடைசிப் பக்கத்தில் தளபதி. அதற்கு முன் துணைத் தளபதி. சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் அளவு, நூலின் நிறம், சட்டை விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று துறைக் கையேட்டைவிடச் சுத்தமாக இருந்தது. பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டே இருந்தார். அவன் உண்டாக்கிய எல்லாச் சின்னத்துக்கும் நடுவில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. முதல் பக்கத்தில் அது தனியாக இருந்தபோதுதான் என்னவென்று பிடிபட்டது.

சுடர். அவருடைய துறையின் சுடர். நுனி கீழே பார்த்துத் தொங்கியது.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்:

*முதல் நிலை. விண்கலத்தில் பசியையும் எதிரியையும் விடப் பெரிய பயம் தீ. சுடர் நிமிர்ந்திருந்தால் எரிகிறது, கவிழ்ந்திருந்தால் அணைந்தது. அணைக்கிறவர் எதற்கு எரிகிற தீயை மாட்டிக்கொள்ள வேண்டும்? இது எனக்கு ஒன்பது வயதில் தோன்றிய யோசனை. அண்ணன் சட்டையில் தைத்தும் பார்த்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினார். ஆகவே இதை முதலில் அணிந்தவர் அவர். உறுப்பினர் எண் 1 அவருக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது.*

அண்ணன் புத்தகத்தை மூடினார். திறந்து மறுபடி படித்தார்.

அவருக்கு அப்போது இருபது. பயிற்சி முடிந்து அணிவகுப்பு. புதுச் சட்டைக்குச் சின்னம் தைக்க அம்மாவுக்கு நேரமில்லை, காய்ச்சலில் கிடந்தாள். காலையில் பார்த்தால் சட்டை தைத்து மடித்துத் தயாராக இருந்தது. யார் தைத்தது என்று கேட்காமல், கண்ணாடியில் பார்க்காமல், மாட்டிக்கொண்டு ஓடினார். இருநூறு பேர் வரிசையில் நிற்க, பயிற்சி அதிகாரி அவர் முன்னால் வந்து நின்றார். "ஊர்ல எல்லார் தீயும் மேல எரியுது, உன் தீ மட்டும் என்னடா தொங்குது?" மைதானமே சிரித்தது. தோளில் ஒரு சுருள் ஹோஸ் குழாய், பத்துச் சுற்று. வீட்டுக்கு வந்ததும் தம்பி வாசலிலேயே காத்திருந்தான், முகமெல்லாம் பல்லாக. "அண்ணே, பார்த்தியா, நான் எதுக்கு அப்படித் தைச்சேன்னா..." என்று ஆரம்பித்தான்.

எதற்கு என்று இவர் கேட்கவில்லை. "இனிமே என் சட்டையைத் தொடாதே. தொட்டா கையை ஒடிச்சிருவேன்," என்றார். அவன் தொடவில்லை. முப்பத்திமூன்று வருஷம், கொடியில் காய்கிற சட்டையைக்கூட மழை வந்தால் அண்ணியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வானே தவிர, அவன் கை வைத்ததில்லை. இவர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அழுகை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அது வரவில்லை. உள்ளங்கைதான் எண்ணிக்கொண்டிருந்தது.

மேஜை இழுப்பறையில், ஒரு தனி உறைக்குள், அந்த முதல் பேட்ஜ் இருந்தது. சிவப்பு நூல் கோத்த ஊசி உறையிலேயே குத்தியிருந்தது. நூல் கோத்து எத்தனை நாளோ, மடிப்பு விழுந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது.

அலமாரியிலிருந்து சீருடையை எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார். இதைப் பார்த்ததும் மாமா எழுந்துவிட்டார்.

"டேய், யோசிச்சுத்தான் செய்யறியா? உன் டிபார்ட்மென்ட் ஆளுங்க முன்னாடி..."

"மாமா, அந்தத் தாள்ல சட்டைன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதை அடிச்சிருங்க."

மாமா அடித்தார். பள்ளிக்கூடத்தில் உத்தரவு போட்டே பழகியவர், உத்தரவு என்றால் என்னவென்றும் தெரிந்தவர்.

ஜன்னல் வெளிச்சத்தில் நின்றபடியே அண்ணன் தைத்தார். உட்காருங்கள் என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிழிந்த ஹோஸுக்கும் கேன்வாஸுக்கும் தையல் போட்ட கைதான், ஆனால் அந்தச் சின்னக் காலர் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஐந்தாறு தையல் போட்ட பிறகு கேப்டன் லேசாக இருமினாள். அவர் பார்த்தார். கை தன் பழக்கத்தில் சுடரை நிமிர்த்தி வைத்துத் தைத்திருந்தது. அத்தனை வருஷ உத்தியோகம் விரலில் ஊறிக் கிடந்தது. அவர் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். பேட்ஜைத் தலைகீழாகத் திருப்பி, நுனியைக் கீழே வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"விளிம்புலேர்ந்து பத்து மில்லிமீட்டர்ங்க," என்றாள் கேப்டன் மெதுவாக.

"எட்டு," என்றார் அண்ணன். "ஏழாம் திருத்தம்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

போட்டுவிடுவது சுலபமாக இல்லை. கை விறைத்துப்போயிருந்தது. முதுகுப் பக்கம் நீளமாக வெட்டிவிட்டால் மாட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் மாமா. வெட்ட வேண்டாம் என்றார் அண்ணன். தபால்காரர் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடிக்க, இவர் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டை முழங்கையில் சுற்றி, பிடித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினார். "விடுடா, விடு, கையைத் தளர்த்து," என்று வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறபோது சொன்ன அதே வார்த்தைகள். ஒரு கை போயிற்று. இன்னொரு கை போயிற்று. கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்து, காலரை நீவிவிட்டபோது மணி மூன்றுக்கு ஐந்து நிமிஷம்.

அவர் மறுபடி நாற்காலிகளிடம் போனார். இரண்டை இடம் மாற்றினார். சரியில்லை என்று திருப்பி வைத்தார்.

ஸ்டேஷன் வண்டி சைரன் இல்லாமல் வந்து நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். கட்டிலைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்த இடத்தில் என்ன கேட்பது என்று தெரியாமல் கைகட்டி நின்றார்கள். எதிர்ச் சுவரோரம் கேப்டனும் தபால்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் நின்றார்கள். அவர்களும் கைகட்டித்தான் நின்றார்கள்.

அண்ணனோடு இருபது வருஷம் வேலை பார்த்த பம்ப் ஆபரேட்டர் மட்டும் கட்டிலை ஒட்டிக் குனிந்து பார்த்தார். நல்ல மனுஷன். கண் கலங்கியிருந்தது. நிமிர்ந்து, அண்ணனின் காதோரம் வந்து, "சார், நம்ம சுடர் மாதிரி இருக்கு. அவசரத்துல தலைகீழா வெச்சுத் தைச்சுட்டாங்க போல," என்றார். "ரெண்டே நிமிஷம், நான் பிரிச்சுத் திருப்பிடறேன்." சொல்லிக்கொண்டே காலரை நோக்கிக் கையை நீட்டினார்.

அண்ணன் அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"சட்டையைத் தொடாதே."

குரல் உயரவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அவர் மணிக்கட்டை விட்டுவிட்டு, அந்த மனுஷனின் தோளில் ஒரு தரம் தட்டினார்.

"அது அப்படித்தான்," என்றார். "நான்தான் தைச்சேன்."

பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, கட்டிலை ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்கிறார். காலரில், சுடரின் நுனிக்குக் கீழே, கத்தரிக்க மறந்த சிவப்பு நூல் ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே, நாலு மணி வண்டி கொஞ்சம் முன்னதாகவே வந்து, யாரோ வழி சொல்ல, வாசலை நோக்கிப் பின்புறமாக வந்துகொண்டிருந்தது. மனைவி கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.